பெயருக்காக விட்ட இடம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அக்காவின் குரலை நேரில் கேட்டவர்கள். சிலர் கைபேசியில் மட்டும் கேட்டிருப்பீர்கள். அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், தம்பி என்ற முறையில் நான் நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று அத்தான் சொன்னார். அக்கா இருந்திருந்தால், "நாலுன்னா நாலோட நிறுத்திக்கோலே" என்றிருப்பார். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

அக்கா பிறந்தது கூமாப்பட்டியில். அக்கா பள்ளியில் படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அம்மா வயல் வேலைக்குப் போய் எங்கள் இருவரையும் வளர்த்தார். அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் படிப்பை முடித்து, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, கிருஷ்ணன்கோவிலில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். ஒருநாளும் அதை அவர் சொல்லிக்காட்டியதில்லை. அதனால் நான் இங்கே சொல்லிக்காட்டுகிறேன்.

திருமணமாகி வந்தது ராஜபாளையத்துக்கு. அத்தானுக்கு விசைத்தறி. வீட்டை ஒட்டியே தறிக்கூடம். எதிர்வீட்டிலும் தறி, பக்கத்து வீட்டிலும் தறி. அந்தத் தெருவில் காப்பி வேண்டுமா என்று கேட்பதற்கே கத்த வேண்டும். பாடுகிற பெண்ணைக் கொண்டுபோய்த் தறிச் சத்தத்துக்குள் கட்டிக்கொடுத்தோமே என்று அம்மா கடைசிவரை வருத்தப்பட்டார்.

அக்கா வருத்தப்படவில்லை. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்களே, அந்த நாளைப் பிடித்துக்கொண்டார். ஊரே மின்வாரியத்தைத் திட்டும் நாளில் இந்த வீட்டில் மட்டும் பண்டிகை. முதல்நாளே லேப்டாப்பில் சார்ஜ் ஏற்றி வைத்துவிடுவார். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்ததும் உள்ளறைச் சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்டு, மைக்கை மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு பாடுவார். அப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் அத்தான் வாசலிலேயே உட்காரவைத்து, வாயில் விரலை வைத்துக் காட்டுவார்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நலுங்கு வைக்கும்போது பெண்ணைப் பெற்றவள் பாட்டுக் கட்டிப் பாட வேண்டும். அதில் மாப்பிள்ளையின் பெயர் வந்தாக வேண்டும். கேலியும் வந்தாக வேண்டும். பாட வராத தாய்மார்கள் எல்லோரும் அக்காவிடம்தான் வருவார்கள். பாடிப் பதிந்ததை அக்கா தரம் குறையாத பெரிய வேவ் கோப்பாக வைத்துக்கொண்டு, அதைச் சுருக்கி எம்.பி.3 ஆக மாற்றித்தான் வெளியே அனுப்புவார். ஏன் இந்த இரட்டை வேலை என்று நான் கேட்டிருக்கிறேன்.

"வேவ்ங்கிறது மாங்கா. எம்.பி.3 ஊறுகா. ஊறுகான்னா எந்த ஊருக்கும் கொடுத்து விடலாம், கெடாது. ஆனா அதைத் திரும்ப மாங்காயாக்க முடியுமாலே? அதான் மாங்காயை நம்ம வீட்டுல வச்சிக்கிடணும்" என்றார். அலைபேசிக்கு ஒன்று, மண்டபத்து மைக்செட்காரருக்கு ஒன்று என்று கேட்டவர்களுக்கெல்லாம் கேட்ட வகையில் மாற்றிக்கொடுத்தார். மாங்காயை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

பிறகு தொண்டையில் அந்த நோய் வந்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று மதுரை மருத்துவர் சொன்னார். நானும் அத்தானும் அங்கேயே அழுதுவிட்டோம். அக்கா, "ஆபரேசனுக்கு முந்தி கரண்ட் நிறுத்துற நாள் வருதான்னு பாருங்க" என்றார்.

வந்தது. மகள் கோதைக்கு அப்போது வரன் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை. ஆனாலும் அவளுடைய நலுங்குப் பாட்டைத்தான் அக்கா அன்று பாடினார். குரல் ஏற்கெனவே கரகரத்திருந்தது. நிறுத்தி, வெந்நீர் குடித்து, மறுபடியும் பாடினார்.

மஞ்சள் கிண்ணம் காத்திருக்க மாடியிலே நிப்பது யாரு?
கோதை தேங்காய் உருட்டி விட்டா கூச்சப்பட்டு நிப்பது யாரு?

ஒவ்வொரு 'யாரு'வுக்குப் பிறகும் பாட்டு நிற்கும். அந்த இடத்தில் மாப்பிள்ளையின் பெயர் வர வேண்டும். பெயர்தான் யாருக்கும் தெரியாதே. அதனால் தொடையில் தட்டாமல் மனத்துக்குள்ளேயே தாளத்தை எண்ணி, இடம் விட்டுப் பாடியிருந்தார்.

"நீளப் பேருக்காரன் வந்தா என்னக்கா செய்ய?" என்று கேட்டேன்.

"சின்னப் பேருன்னா ரெண்டு தரம் கூப்பிடுங்க. நீளப் பேருன்னா ஒரு தரம். அம்புட்டுக்கு இடம் விட்டிருக்கேன். மண்டபமே சேந்து கூப்பிடணும், ஆமா."

அக்கா வாயால் பேசி நான் கேட்ட கடைசிப் பேச்சுகளில் இதுவும் ஒன்று. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதன்பின் கழுத்தில் வைத்த துளை வழியாகத்தான் அவருக்கு மூச்சு. சொல்ல வேண்டியதைக் கைபேசியில் தட்டிக் காட்டுவார். அதிலும் கேலிக்குக் குறைவில்லை.

கோதைக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை சேத்தூர், பெயர் சீனிவாசன். கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் என்று முடிவாயிற்று. மைக்செட்காரருக்குக் கொடுப்பதற்காக அக்கா லேப்டாப்பைத் திறந்து அந்தப் பாட்டைப் போட்டார். 'யாரு' என்று முடிந்ததும், மூச்சுவிட இடமில்லாமல் அடுத்த அடி வந்து முட்டியது. அடுத்த 'யாரு'விலும் அப்படியே. இடைவெளி ஒன்றுகூட இல்லை.

அத்தான் செய்த வேலை அது. இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்க மாப்ள, உள்ளதுதானே" என்றார். லேப்டாப்பில் இடம் நிறைந்துவிட்டது என்று வந்திருக்கிறது. ஒரு பாட்டுக்கு இவ்வளவு பெரிய கோப்பு எதற்கு என்று நினைத்து, பெரிய கோப்புகளையெல்லாம் ஒட்டுமொத்தமாக எம்.பி.3 ஆக மாற்றி, பழையவற்றை அழித்துவிட்டார். மாற்றும்போது, சத்தமில்லாத பகுதிகளை நீக்கவா என்று லேப்டாப் கேட்டிருக்கிறது. சரி என்று அழுத்திவிட்டார். தறி ஓட்டுகிறவருக்குச் சத்தம் நின்றால் நூல் அறுந்துவிட்டது என்று பொருள். பாட்டுக்கு நடுவே சத்தம் நின்றதையும் அவர் பழுதென்றே நினைத்துவிட்டார்.

நான் அத்தானைக் கண்டபடி பேசிவிட்டேன். அக்கா என் கையில் ஓர் அடி போட்டுவிட்டுக் கைபேசியை நீட்டினார். "ஊறுகா மிச்சமிருக்குல்ல. சும்மா இரு" என்று இருந்தது.

மறுபடி பாடக் குரலில்லை. இருக்கிற எம்.பி.3 கோப்பை வேவ் ஆக மாற்றி, ஒவ்வொரு 'யாரு'வையும் தேடி, வெட்டி, இடைவெளியைச் சேர்த்தார். மாற்றியதால் போன தரம் திரும்பாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வெட்டி ஒட்ட வசதி என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார். ஆனால் போட்டுக் கேட்டபோது எங்கள் எல்லோருக்குமே ஒரு மாதிரி இருந்தது. பாடும்போது அந்த அறையின் சன்னமான ஒலியும் சேர்ந்து பதிந்திருக்கிறது. இடைவெளி வந்ததும் அதுவும் போய், கிணற்றுக்குள் விழுந்தது போல ஆகிவிட்டது. அக்கா தலையை ஆட்டிவிட்டு எழுதினார்: "இதுக்கு வெறும் அமைதி ஆகாது. நம்ம வீட்டு அமைதி வேணும்."

அடுத்த மின்தடையோ கல்யாணத்துக்குப் பிறகுதான். தறியை ஒரு நிமிடம் நிறுத்தினாலும் முகம் வாடுகிற என் அத்தான், அன்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். வீடு வீடாகப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"செத்த நேரம் தறியை நிறுத்தணும்ணே. வீட்டுல அவ ஒண்ணு பதியணுமாம்."

"அவிய பாட மாட்டாகளே, என்னத்தப் பதிய?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"ஒண்ணுமில்லாததைத்தான் பதியணும்" என்றார் அத்தான். எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய்த் தறியை நிறுத்தினார். பக்கத்து வீட்டிலும் நின்றது. தெருமுனை வரைக்கும் நின்றது. பட்டப்பகலில், கரண்ட் இருக்கும்போதே, அந்தத் தெரு அமைதியாக இருந்ததை நான் அன்று ஒருநாள்தான் கண்டேன். தறிக்காரர்கள் வாசலில் வந்து நின்று அக்கா வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே அதே போர்வைகள், அதே மைக். அக்கா அதன் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பதிந்ததைக் காதில் மாட்டிக் கேட்டேன். அறையின் அந்தப் பழைய ஒலி அப்படியே இருந்தது. கூடவே, கழுத்துத் துளை வழியாக அக்கா விட்ட மூச்சும் மெல்ல விழுந்திருந்தது.

"மூச்சு கேக்குதுக்கா. நீங்க வெளிய இருங்க, இன்னொரு தரம் எடுத்துருவோமா?" என்றேன்.

"இருக்கட்டும். பாடுறவ மூச்சு விடாமலா இருப்பா" என்று எழுதிக் காட்டினார்.

நலுங்கன்று பாட்டு ஒலித்தது. முதல் 'யாரு' வந்தது. மண்டபத்தில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மருமகனை 'மாப்பிள்ளை' என்பதைத் தவிர வேறு எப்படியும் அழைத்திராத அத்தான், எழுந்து நின்று, "சீனிவாசன்!" என்று தறிக்கூடத்தில் கூப்பிடுகிற குரலில் கத்தினார். ஒரே சிரிப்பு. மாப்பிள்ளை முகம் சிவந்துவிட்டது. அடுத்த 'யாரு'வுக்கு மண்டபமே சேர்ந்து கத்தியது. அக்கா கழுத்துத் துணியைக் கையால் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில் அதுதான் நிறைவான சிரிப்பு.

அதன்பின் நோய் திரும்பிவந்தது. படுக்கையில் இருந்தபோதும் அக்கா லேப்டாப்பை விடவில்லை. அந்தப் பாட்டில் மகளின் பெயர் வரும் இடத்தையும் வெட்டி எடுத்து, அங்கேயும் அந்த அமைதியை வைத்தார். எதற்கு என்று கோதை கேட்டாள். "உன் கல்யாணம் முடிஞ்சுதுல்லா? இனி யாரு வீட்டுக் கல்யாணத்துக்கும் ஆகும்" என்று எழுதினார். சில நாட்களில், அத்தானும் கோதையும் அருகில் இருக்க, அக்காவின் மூச்சு அடங்கியது.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த சம்பந்தி வீட்டாருக்கும், கல்லூரி அலுவலகத்துத் தோழிகளுக்கும், இறுதி நாளில் கேட்காமலே தறிகளை நிறுத்திய எங்கள் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

அந்தப் பாட்டை உங்கள் அனைவருக்கும் அனுப்பியிருக்கிறோம். உங்கள் பெண்களின் நலுங்குக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த வகைக் கோப்பாக வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். இடைவெளிகளை மட்டும் வெட்டிவிட வேண்டாம். ஒலியைக் கூட்டி வைத்தால், நீங்கள் பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு கேட்கும். அது பழுது அல்ல. நீங்கள் சொல்லப்போகும் பெயருக்காக அக்கா காத்திருக்கிறார்.