மதவாச்சியோடு நின்ற ரயிலும் என் ஐந்து ரூபாய் ஐம்பது சதமும்

போன கிழமை இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு டிக்கட் எடுத்த பிறகு, ரயில் ஏதோ காரணத்தால் வவுனியாவோடு நின்றுவிட்டால் கட்டணம் குறைய வேண்டும்தானே, அந்த மிச்சக் காசைத் திரும்ப வாங்கலாமா என்று. வாங்கலாம். நான் வாங்கியிருக்கிறேன். எப்படி வாங்கினேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுத்துப் பிழை இருந்தால் என் மகளை ஏசுங்கள், தட்டித் தருகிறவள் அவள்தான்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, புரட்டாதி மாதம். எனக்கு இருபத்தேழு வயது. கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் பளை. என்னைவிடப் பதினொரு வயது மூத்த அக்கா, வட்டக்கச்சியில் கல்யாணம் முடித்து மூன்று ஏக்கர் வயலோடு இருந்தாள். அத்தான் எழுதிய கடிதம் ஒன்று கைமாறிக் கைமாறி ஒன்பது நாள் கழித்து என்னிடம் வந்தது. நாலு வரிதான். "அக்காவுக்குக் கடுமை. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். உன்னைத்தான் கேட்கிறா. சுணங்காதே."

அன்று பின்னேரமே கோட்டை ஸ்டேஷனில் வவுனியாவுக்கு மூன்றாம் வகுப்பு டிக்கட் எடுத்தேன். ஐம்பத்து நான்கு ரூபாய். கையில் அடையாள அட்டை, கிராமசேவகர் கடிதம், ஒரு சாரம், இரண்டு சேர்ட், ஒரு கிலோ முந்திரிகைப்பழம் (திராட்சை). வருத்தக்காரிக்கு வேறு என்ன கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு எதிரே கிளிநொச்சிக்காரி ஒருவர் இருந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று புதுத் தலையணை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பேர் கேட்க மறந்துவிட்டேன், நான் அவருக்கு வைத்த பேர் தலையணை அக்கா. "அக்கா, அந்தத் தலையணைக்கும் ஒரு டிக்கட் எடுத்தனீங்களோ?" என்று தொடங்கி அனுராதபுரம் வரை அவரை நித்திரைகொள்ள விடவில்லை. நடுவில் என் அக்காவின் கதையையும் சொன்னேன். எனக்கு வாய் மூடி இருக்கத் தெரியாது, பயம் வந்தால் இன்னும் கூடக் கதைப்பேன்.

காலை ஆறரைக்கு ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, மதவாச்சியில் நின்றது. வவுனியாவுக்கு இன்னும் இருபத்தைந்து கிலோமீற்றர். கார்ட் பெட்டி பெட்டியாக வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். பாதை சரியில்லை, ரயில் இதற்கு மேல் போகாது, டிக்கட்டை எறிய வேண்டாம், மதவாச்சி வரைக்குமான காசு போக மிச்சத்தை இன்றைக்கு வவுனியா ஸ்டேஷனில் தருவார்கள் என்றார். மதவாச்சிக்கு நாற்பத்தெட்டு ரூபாய் ஐம்பது சதம். ஆக எனக்கு வர வேண்டியது ஐந்து ரூபாய் ஐம்பது சதம். அங்கிருந்து வவுனியாவுக்கு பஸ் ஏழு ரூபாய்! ஈரப்பெரியகுளம் சோதனைச் சாவடியில் இறக்கிப் பையைக் கொட்டிப் பார்த்து ஏற்றி, ஒன்பது பத்துக்கு வவுனியா ஸ்டேஷன் வாசலில் விட்டார்கள்.

இந்த வழியில் அந்தக் காலம் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போது வவுனியா ஆமியிடம், வன்னி இயக்கத்திடம். வன்னிக்குள் போக, வவுனியாவுக்கு வடக்கே நாலு கிலோமீற்றரில் தாண்டிக்குளம் சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும். அது எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். மூடினால் அடுத்த நாள்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு ஓட்டோ நின்றது. ஓட்டுகிறவர் முஸ்லிம், நாற்பது வயது இருக்கும், நானா என்றுதான் கூப்பிடுவோம். தலையணை அக்கா ஏறி இருந்துவிட்டார்.

"தாண்டிக்குளம்தானே? ஏறுங்க. இண்டைக்குப் பதினொரு மணியோட சரியாம். பிறகு உள்ளுக்கு விடமாட்டாங்களாம்" என்றார் ஓட்டோக்காரர்.

"அஞ்சு நிமிஷம் நானா. கோச்சிக்காரர் எனக்குக் கடன். வாங்கிக்கொண்டு வாறன்."

"எவ்வளவு?"

"அஞ்சு ரூவா அம்பது சதம்."

அவர் சிரித்துக்கொண்டு சேர்ட் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயக் குத்தி ஒன்றை எடுத்து நீட்டினார். "இந்தாங்க அஞ்சு. அம்பது சதத்த நான் பிறகு தாறன். ஏறுங்க."

"உங்கட காசு எனக்கு ஏன் நானா? எனக்குக் கோச்சிக்காரற்ற காசுதான் வேணும்."

தலையணை அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ராவெல்லாம் அக்கா அக்கா எண்டு புலம்பிப்போட்டு, இதென்ன தம்பி கூத்து? அந்த மனிசி அங்க உங்களை எல்லோ பாத்துக்கொண்டு கிடக்கும்? வாங்கோ."

"நீங்கள் தலையணையோட வசதியா இருந்து போங்கோ அக்கா. உங்களுக்கு முன்னம் நான் அங்க நிப்பன்."

ஓட்டோக்காரர் உதைத்து ஸ்டார்ட் செய்தார். சிரிப்புப் போய்விட்டது. "நான் முல்லைத்தீவான். எண்ட வீடு அந்தப் பக்கம்தான் இருக்கு, தொண்ணூறில எங்கட ஆக்களத் துரத்தினதில இருந்து எனக்குப் போக ஏலாது. போக ஏலுமான நீங்க இங்க நிண்டு விளையாடுறீங்க" என்றார். ஓட்டோ போய்விட்டது.

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் ஒன்றே முக்கால் மணித்தியாலம் கையில் இருக்கிறதே என்று உள்ளே போனேன்.

வரிசையில் எனக்கு முன்னால் பதினான்கு பேர். ஒன்பதரைக்கு ஜன்னலைத் திறந்தார்கள். ஒரு துண்டில் பேர், டிக்கட் நம்பர், எங்கிருந்து எங்கே, என்ன காரணம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து மணி போல என் முறை வந்தது. கிளாக்கர் என் துண்டை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"காரணம் எண்ட இடத்தில என்ன எழுதியிருக்கிறீர்?"

"கோச்சிக்குக் களைப்பு எண்டு ஐயா. மதவாச்சியில படுத்திட்டுது."

வரிசையே சிரித்தது. ஒருவர் என் முதுகில் தட்டினார். கிளாக்கர் சிரிக்கவில்லை. துண்டை நாலாகக் கிழித்தார். "இது மேல கந்தோருக்குப் போற கடுதாசி. வேற துண்டு எழுதிக்கொண்டு கடைசியில போய் நில்லும்."

அப்போதாவது நான் வெளியே நடந்திருக்கலாம். ஆனால் அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவன் என்ன செய்யப் போகிறான் என்று பார்க்கிற அந்த முகங்களை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வேறு துண்டு வாங்கினேன். எழுத்துக் கூட்டி எழுத எனக்கு எப்போதும் நேரம் எடுக்கும். போய்க் கடைசியில் நின்றேன். திரும்ப என் முறை வர பத்தே முக்கால். கிளாக்கர் ஐந்து ரூபாயைத் தள்ளினார், ஐம்பது சதம் மாற்றக் காசு இல்லையாம். "பரவாயில்லை ஐயா, நிண்டு வாங்கிறன்" என்றேன். பின்னால் நின்ற பெண் ஒருத்தி தன் மணிபேர்ஸில் தேடி அவருக்கு மாற்றிக் கொடுத்தாள். வரிசை கை தட்டியது. ஆம், கை தட்டினார்கள். பத்து ஐம்பதுக்கு ஐந்து ரூபாய் ஐம்பது சதத்தோடு வெளியே வந்தேன்.

வாசலில் ஓட்டோ ஒன்றும் இல்லை. நாலு கிலோமீற்றரில் பாதி ஓட்டம், பாதி ஒரு சைக்கிள்காரரின் கரியர். பதினொன்று பதினைந்துக்குத் தாண்டிக்குளத்தில் நின்றேன். குறுக்கு மரம் விழுந்திருந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம், வெயிலில் வரிசையாக, சைக்கிள் தள்ளிக்கொண்டும் மூட்டை சுமந்தும் சனம் வடக்கே நடந்து போவது தெரிந்தது. காவலுக்குச் சென்றியில் நின்ற ஆமிப் பெடியன் என் கடிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஹெட்ட" என்றான். நாளைக்கு. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அக்கா, வருத்தம் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் கோபப்படவில்லை. மணிக்கூட்டைக் காட்டிவிட்டு மற்றப் பக்கம் திரும்பினான்.

இரவு வவுனியாவில் ஒரு பாடசாலை மண்டபத்தில், என்னைப் போல் பிந்தினவர்களோடு படுத்தேன். ஒரு பிளேன்ரீயும் பணிசும் வாங்கியதில் ஐந்து ரூபாய் முடிந்தது.

மறுநாள் காலை ஏழுக்குப் போய் நின்று ஒன்பதுக்குக் கடந்தேன். அங்கிருந்து ஐந்து கிலோமீற்றர் நடை. ஒரு பக்கத்துக் காவலும் இல்லாத ரோட்டு, இரு கரையும் ஆள் இல்லாத வீடுகள். பிறகு மற்றப் பக்கத்து இயக்கத்தின் சோதனை. அதற்கு அப்பால் மண்ணெண்ணெயில் ஓடுகிற வான் ஒன்று, கிளிநொச்சிக்கு நூற்றைம்பது ரூபாய். ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், பின்னால் புகை கரும்பாம்பு போல வரும். இருபத்திரண்டு பேர் ஏறினோம். பள்ளம் பள்ளமாக விழுந்து எழும்பி அறுபத்தேழு கிலோமீற்றருக்கு மூன்றரை மணித்தியாலம்.

அந்த மூன்றரை மணித்தியாலமும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கோச்சிக்குக் களைப்பு வந்த கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். கிளாக்கர் மாதிரி மூஞ்சியை நீட்டிக் காட்டினேன். முழு வானும் சிரித்தது. ட்றைவர் முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, "அண்ணை, அந்தக் கிளாக்கரின்ர கதையை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்டான். சொன்னேன். இன்னும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

ஒன்றரைக்குக் கிளிநொச்சிச் சந்தியில் இறங்கினால், தேத்தண்ணிக் கடை வாசலில் தலையணை அக்கா. பேரப்பிள்ளைக்கு மருந்து வாங்க வந்தாராம்.

"இப்பவோ தம்பி வாறியள்? நான் நேற்று நாலு மணிக்கே வந்திட்டன். பிந்தி வந்தவையையும் பதினொரு மணி வரைக்கும் விட்டவங்கள். உங்களை எங்க மறிச்சவங்கள்?"

"தாண்டிக்குளத்தில அக்கா."

"பாழாப் போவார். சரி, கெதியாப் போங்கோ."

வட்டக்கச்சி எட்டுக் கிலோமீற்றர். ஒரு பழக்கமான பெடியனின் சைக்கிள் கரியரில் ஏறிக்கொண்டேன். அக்கா வீட்டு ஒழுங்கைக்குத் திரும்புகிற இடத்தில், இரண்டு பக்கமும் தென்னோலைத் தோரணம் கட்டியிருந்தது. குருத்தோலை கீழ்நோக்கித் தொங்கினால் என்ன வீடு என்று எங்கள் ஆட்களுக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. சைக்கிள்காரன் உழக்குவதை நிற்பாட்டினான். மிச்சத் தூரத்தை நடந்தேன்.

அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலை இழுத்து, நடு உச்சி பிரித்து, வடிவாகப் பின்னியிருந்தது. அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"நேற்று ஆறு மணி போல மோனை. நாலு மணிக்கு நல்லாக் கதைச்சவ. சந்தியில வவுனியாச் சனம் வந்து இறங்குது எண்டு ஆரோ சொல்ல, 'அவன் வந்திடுவான், வந்தால் சிரிக்கப் பண்ணியே என்னைக் கொல்லுவான், அதுக்கு முன்னம் தலையை இழுத்து விடு' எண்டு மகளிட்டச் சொன்னவ. அப்பிடியே வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தவ." பிறகு கேட்டார், "எங்க மறிச்சவங்கள்?"

"தாண்டிக்குளத்தில அத்தான்."

அது பொய்யில்லை. மறித்தது தாண்டிக்குளத்தில்தான். கூடத்திலிருந்த பெண்கள் மறித்தவனையும் அவன் பரம்பரையையும் திட்டி ஒப்பாரி வைத்தார்கள். அத்தான் என் தலையைத் தடவினார். "நீ என்ன செய்வாய்? உன்னில ஒரு பிழையும் இல்லை" என்றார். நான் கொண்டுபோன முந்திரிகைப்பழத்தைப் பிள்ளைகள் தின்றார்கள். மூன்று மணிக்கு எடுத்துக்கொண்டு போனோம்.

ஆக, கேட்ட இரண்டு பேருக்கும் பதில். டிக்கட்டை எறியாதீர்கள். ரயில் நின்ற இடத்திலேயே கார்ட்டிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்குங்கள். அன்றைக்கே போய்க் கேளுங்கள். சில்லறைக் காசு கையில் வைத்திருங்கள். கவுண்டரில் பகிடி விடாதீர்கள், துண்டில் ஒருபோதும் விடாதீர்கள். இப்போதைய சட்டதிட்டம் எனக்குச் சரியாகத் தெரியாது, ஸ்டேஷனில் விசாரியுங்கள். இவ்வளவும் வீட்டில் உங்களை ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்காத நாளுக்கு. பார்த்துக்கொண்டிருந்தால், அந்த ஓட்டோவில் ஏறுங்கள்.

வட்டக்கச்சியில் அத்தான் இன்னும் இருக்கிறார். எண்பது கிட்டுகிறது. இப்போதும் யாராவது அக்காவின் கதையை எடுத்தால், "பாவம், இவனை மறிச்சுப்போட்டாங்கள்" என்றுதான் தொடங்குவார். நான் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். நான் எழுதுவதை அவருடைய பேத்தி போனில் வாசித்துக் காட்டுகிறாளாம், கேட்டுக் கேட்டுச் சிரிப்பாராம். இன்றைக்கு இதையும் வாசிப்பாள்.

அத்தான், அண்டைக்குப் பத்து அம்பது வரைக்கும் நான் ஸ்டேஷனில நிண்டனான். என்னை ஒருத்தரும் மறிக்கேல்லை.