யாரும் வாங்காத முகங்கள்

கண்காட்சியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த படத்தை விமலகுமாரி முதலில் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைப்பார். பிறகு அதைச் சுற்றியிருந்த பழைய படுக்கை விரிப்பை உதறி மடிப்பார். கையைக் கழுவி, ஈரத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, போட்டோஸ்டாட் மெஷினுக்கு முன்னால் காத்து நிற்கும் கல்லூரிப் பிள்ளையிடம், “எத்தன காப்பி மக்கா?” என்று கேட்பார். குரலில் ஒன்றும் தெரியாது. ஆனால் அன்று அவர் எடுக்கும் காப்பிகள் சற்றே கோணலாக வரும்.

தனுவச்சபுரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது ஜீனா போட்டோஸ்டாட். முன்பு அது ஜீனா ஸ்டூடியோ. மகளின் பெயரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சொல்லின் மேல் மட்டும் பெயிண்ட் அடித்தார்கள். மழை பெய்து பெயர்ப்பலகை நனைந்தால் பழைய சொல் அடியிலிருந்து மெல்ல மேலே வரும். படம் பிடித்தவர் கணவர் ராஜதாஸ். அவருடைய இருட்டறையில் இப்போது காகிதக் கட்டுகள் அடுக்கியிருக்கின்றன. சிவப்பு பல்பு மட்டும் அப்படியே தொங்குகிறது. கழற்றலாமா என்று மனைவி கேட்டால், “கெடக்கட்டு, அது ஆரயும் கடிக்கேல்ல” என்பார்.

அட்மிஷன் காலத்துக் காலைகளை விமலகுமாரி மறக்கவில்லை. படம் எடுக்கப் பிள்ளைகள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்குவார்கள். நூல் கட்டித் தொங்கவிட்ட சீப்புக்குச் சண்டை நடக்கும். ஸ்டூடியோவில் இருந்த ஒரே கோட்டை ஐந்தாறு பையன்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். குட்டையனுக்கு அதன் தோள்பட்டை முழங்கைவரை இறங்கும். பெண்பிள்ளைகளின் நெற்றி எண்ணெயை விமலகுமாரி துண்டால் ஒற்றியெடுப்பார். உள்ளேயிருந்து ராஜதாஸின் குரல் கேட்கும்: “தாடைய கீழ தாத்து! சிரிக்காத, நீ ஒண்ணும் பெண்ணுகாணலுக்கு இருக்கேல்ல!”

படம் கைக்கு வரும்போதுதான் தகராறு. முகத்தையும் படத்தையும் கண்ணாடியில் ஒத்துப் பார்த்துவிட்டு, “இது நான் இல்ல” என்று வைத்துவிட்டுப் போனவர்கள் எல்லா ஆண்டும் இருந்தார்கள். அந்தப் படங்களை ராஜதாஸ், போட்டோ பேப்பர் வரும் கறுப்பு உறையில் போட்டு வைத்தார். ஒருவர் தன் முகத்தையே வேண்டாம் என்று விட்டுப் போனால் அதன் பிறகு அந்த முகம் யாருடையது? விமலகுமாரி இப்படியெல்லாம் கேட்டுக்கொள்பவர் அல்ல. “வாங்காததெல்லாம் நமக்காக்கும்” என்பதோடு அவருடைய விசாரணை முடிந்துவிடும். ஸ்டூடியோவை மூடிய வாரம் ராஜதாஸ் உறைகளைக் குப்பையோடு எரிக்கப் போனார். இவர் பிடுங்கிக்கொண்டார். ஒட்டத் தொடங்கியது அப்படித்தான்.

கண்காட்சி விண்ணப்பங்களில் ‘மிக்ஸட் மீடியா’ என்று எழுதுவார். வீட்டில் அதற்கு ஒட்டுவேலை என்று பெயர். பிளைவுட் பலகை, உடைந்த ஓட்டின் பொடி, கமுகம்பாளை, நெகட்டிவ் சுருள், நடுவில் அந்த முகங்கள். பசைக்குப் பெருங்கடவிளையில் அண்ணன் தோட்டத்து ரப்பர் பால். அது காய்ந்து மஞ்சளாகும். புளித்த மணம் போகவே போகாது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் பசைதான் கண்ணில் படுகிறது. ஒன்றிரண்டில் மட்டும், ஓட்டுப்பொடியின் சிவப்புக்குள்ளிருந்து ஒரு முகம் நம்மை ஏதோ கேட்க வருவதுபோல் இருக்கும்.

திருவனந்தபுரத்துக் கண்காட்சிகளுக்கு அவர் அனுப்பிய எதுவும் தேறியதில்லை. தேறாத படத்தை நேரில் போய் வாங்கி வரவேண்டும். பஸ்ஸில் மடிமேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். “சேச்சி, கண்ணாடியாணோ?” என்று கண்டக்டர் கேட்டால், “இல்ல, ஆளுவளாக்கும். டிக்கெட் எடுக்கணுமா?” என்பார்.

“அவியளுக்கு மூக்கு உண்டு பாத்துக்கோ, அதாக்கும் சங்கதி” என்பது, தேர்வு செய்கிறவர்களைப் பற்றி ராஜதாஸின் தீர்ப்பு.

இந்த ஆண்டு செய்தது எல்லாவற்றிலும் பெரியது. பலகையின் நீளத்துக்கு ஒரு பஸ். உடம்பு ரப்பர் ஷீட். ஜன்னலுக்கு ஒரு முகம். மழைக்காலம் முழுக்க அதோடு இருந்தார். அனுப்பும்போது கணவரிடம் சொன்னார்: “இதும் திரும்பி வந்தா நிறுத்திப்போடுவேன். பலகை எல்லாத்தயும் கோழிக்கூட்டுக்கு எடுத்துக்கிடுங்க.”

திரும்பி வந்தது. ராஜதாஸ் கோழிக்கூட்டை அளந்து வைத்தார். சனிக்கிழமை ஆசாரி வருவதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை, மகளின் அட்மிஷனுக்குச் சான்றிதழ்களைக் காப்பி எடுக்க ஒரு அம்மா வந்தார். ஃபேன் காற்றில் ஒரு தாள் பறந்து மெஷினுக்குப் பின்னால் விழுந்தது. எடுக்கக் குனிந்த மகள், சுவரைப் பார்க்கச் சாய்த்திருந்த பஸ் பலகையைத் தன் பக்கம் திருப்பி நகர்த்தினாள். நகர்த்தியவள் நிமிரவில்லை.

“அம்மே, இதில நானுண்டு!”

அம்மா எட்டிப் பார்த்தார். பஸ்ஸின் பின்பக்கத்து ஜன்னலில், முன்பற்கள் லேசாகத் தெரிய, மகளின் முகம். “நீயில்லடி, நானாக்கும்!” என்றவர் மேசையடியில் இருந்த ராஜதாஸ் பக்கம் திரும்பினார். “அண்ணா, நான் லேகா. காலேஜில ப்ரீடிகிரி சேர இஞ்ச படம் எடுத்தேன். பல்லு தெரியுதுன்னு சண்ட போட்டுட்டு வாங்காம போனேனே, ஓர்ம உண்டா?”

“எத்தன சண்டயத்தான் ஓர்ம வைக்க? பல்லுக்கு நானா உத்தரவாதி?”

லேகா சிரித்தார். பிறகு வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஒருமுறை அம்மாவின் வாயையும் ஒருமுறை படத்தையும் பார்த்தாள்.

“அந்த நேரம் நான் இவ்வளவு கொள்ளாமா, அழகா இருந்தேனா? அக்கா, இத எனக்குத் தருவியளா?”

விமலகுமாரியின் கை தானாகவே படுக்கை விரிப்பைத் தேடியது. இத்தனை ஆண்டில் அவருடைய வேலையை ஒருவர் கேட்பது இதுவே முதல் முறை. “தாறேன், தாறேன். பஸ்ஸில கொண்டுபோக ஒக்குமா? பாரம் உண்டு. நான் நல்லா சுத்தித் தாறேன்.”

“ஐயோ அக்கா, பலக வேண்டாம். இந்த ஒரு படம் மட்டும் போதும்.”

மெஷின் கடைசித் தாளைத் துப்பிவிட்டு நின்றது. ராஜதாஸ் மேசை டிராயரைத் திறந்து, பழைய பிளேடை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

விமலகுமாரி தரையில் உட்கார்ந்து பலகையை மடிமேல் சாய்த்துக்கொண்டார். ஓரத்தில் பிளேடை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். வேறு பசையாக இருந்தால் முகம் கிழிந்திருக்கும். ரப்பர் பால் நூல் நூலாக இழுபட்டு விட்டுக்கொடுத்தது. படத்தின் முதுகில் ஓட்டுப்பொடி சிவப்பாக ஒட்டியிருந்தது. லேகா அதைச் சுரண்டப் போனபோது மகள், “களையண்டம்மா, இருக்கட்டு” என்று வாங்கிச் சான்றிதழ்களோடு ஃபைலில் வைத்துக்கொண்டாள்.

எதிரே அவர்கள் பஸ் ஏறும்வரை விமலகுமாரி தரையிலேயே இருந்தார். ஜன்னலில் மகள் ஃபைலைத் திறந்து பார்ப்பது தெரிந்தது. பஸ் போயிற்று.

“அப்பம் நாளைக்கு ஆசாரிட்ட என்ன சொல்ல?” என்று ராஜதாஸ் மெதுவாகக் கேட்டார்.

விமலகுமாரி எழுந்தார். ஒரு ஜன்னல் காலியான பலகையைத் தூக்கிக் கடை வாசலுக்குக் கொண்டுபோய், பஸ் நிறுத்தத்தைப் பார்க்கச் சாய்த்து வைத்தார். பிறகு உள்ளே வந்து, சுவரைப் பார்த்து நின்ற மற்றப் பலகைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பத் தொடங்கினார்.