செம்பருத்தி வேலியும் ஒற்றைத் தும்மலும்

புஷ்பவல்லிக்கு வாய் நீளம் என்பது அந்தத் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் சூப்பர்வைசரையே வாயடைக்க வைத்தவள். அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தை வாரக்கணக்கில் புருஷனிடம் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு நடமாடினாள் என்றால், விஷயம் லேசானதாக இருக்க முடியாது. வீட்டுப் பக்கவாட்டில் இருந்த செம்பருத்தி வேலிக்குள் ஒரு நல்ல பாம்பு குடி வந்திருந்தது.

பாம்பு வந்ததுகூடப் பெரிதில்லை. அந்த வேலிக்குள் தினமும் விடிந்ததும் கையை விட்டுத் துழாவுகிறவர் அவள் புருஷன் கார்த்திகேசு. அவருக்குக் கண் தெரியாது.

துறைமுகத்துக்கு லோரி ஓட்டிய மனுஷன். சர்க்கரை வியாதி முதலில் ஒரு கண்ணை வாங்கியது, பிறகு மற்றதையும். குளிக்க, கிளினிக் போக, கோயிலுக்குப் போக எல்லாவற்றுக்கும் அவள் கை வேண்டும். காலையில் பூப் பறிப்பது மட்டும் அவருடைய வேலை. வாசல் தூணில் ஆரம்பித்து, இடது கையால் இலைகளைத் தடவிக்கொண்டே நடப்பார். வேலி முடிகிற இடத்தில் தண்ணீர்க் குழாய், அதை ஒட்டிச் சாமி மேடை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் ஆழத்துக்குப் பெரிய லொங்கான் சாக்கடை, மழை பெய்தால் தண்ணீர் சீறிக்கொண்டு ஓடும். ஒரு தடவைகூட அவர் தடுமாறியதில்லை. மூலை வீட்டை வாங்கிய வருடம் அவரே குச்சி ஊன்றி வளர்த்த வேலி அது, எந்தக் கிளை எங்கே வளைகிறது என்று அவர் கைக்குத் தெரியும்.

ஆகவே வேலி இருந்தால் பாம்பு, வேலி போனால் லொங்கான். நடுவில் மாட்டிக்கொண்டு புஷ்பவல்லி தூக்கம் கெட்டாள்.

தோட்ட வேலை செய்யும் திருச்செல்வத்தைக் கூப்பிட்டு, சத்தமில்லாமல் வேலியை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக ஏதாவது நடு என்றாள். பாம்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவன் அரிவாளைப் பைக்குள் வைத்துவிட்டான். நாகம் இருக்கிற வேலியில் கை வைத்தால் தன் குடும்பத்துக்கு ஆகாது, வெள்ளிக்கிழமை தோறும் முட்டையும் பாலும் வைத்துக் கும்பிட்டால் அது தானாகவே போய்விடும் என்று அடித்துச் சொன்னான். ஊரையே கேள்வி கேட்கிறவள் அன்று மட்டும் தலையாட்டினாள். பயம் வந்தால் புத்தி எங்கே வேலை செய்கிறது? வெள்ளிக்கிழமைகளில் புருஷன் பூப் பறித்து உள்ளே வந்தபிறகு, வேலியின் அடியில் முட்டையும் ஒரு கிண்ணத்தில் பாலும் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வைத்த முட்டை மறுநாள் இருக்காது. சாமி ஏற்றுக்கொண்டது என்று அவளுக்கு ஒரே நிம்மதி.

ஒரு சனிக்கிழமை முட்டை போகாமல் கிடந்தது. கார்த்திகேசு அதை மிதித்துவிட்டார். காலைத் தூக்கி விரலால் தொட்டு, மோந்து பார்த்தார். முட்டையை யார் எதற்காக வேலியடியில் வைப்பார்கள் என்று தெரியாத ஆளா அவர்?

அன்று மத்தியானம் வீட்டில் பெரிய சண்டை. நாளைக் காலையில் தீயணைப்புப் படை பொம்பாவுக்குப் போன் போட்டு பாம்பைப் பிடித்துப் போகச் சொல்லப் போகிறேன், பிறகு வேலியை எடுத்துவிட்டுப் புதுச் செடி நடலாம், அதுவரை வெளியே போகாதீர்கள் என்றாள். அவர் குரல் உயரவில்லை.

"புதுச் செடி என் கைக்கு எட்ட எத்தன வருஷம் ஆகும் புஷ்பம்? அதுவரைக்கும் நான் இந்த நாற்காலியில ஒக்காந்திருக்கணுமா?"

அவள் கோபத்தில் சட்டியை உருட்டினாள்.

மறுநாள் அவள் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. வாசலுக்கு ஓடினாள். அவர் குழாயை நெருங்கிவிட்டார். ஒரு கையில் பூத்தட்டு, இன்னொரு கை தாழ்ந்த கிளையைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கிளைக்குக் கீழே, அவர் முழங்காலுக்கு முன்னால், அது படமெடுத்து நின்றது.

கத்தினால் அவர் சத்தம் வந்த பக்கம் சட்டென்று திரும்புவார், கை வீசும், எப்போதும் அப்படித்தான். நில்லுங்கள் என்றாலும் நிற்கமாட்டார். நேற்றைய சண்டையின் மிச்சம் என்று நினைத்து வேண்டுமென்றே பூவைப் பறிப்பார்.

அவள் தும்மினாள்.

வராத தும்மலை வரவழைத்து, அச்சு அசலாக ஒரே ஒரு தும்மல். கார்த்திகேசு அப்படியே நின்றார்.

லோரி ஓட்டிய காலம் முழுக்க இந்தத் தும்மலுக்காக அவள் அவரைக் கிண்டல் செய்திருக்கிறாள். சாவியைத் திருகும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் இஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். கப்பல் காத்திருந்தாலும் சரி, முதலாளி தொண்டை கிழியக் கத்தினாலும் சரி. ரெட்டைத் தும்மலாக இரண்டாவது வந்தால்தான் வண்டி நகரும். நீங்கள் டீசல் ஊற்றி ஓட்டுகிறீர்களா, தும்மல் ஊற்றி ஓட்டுகிறீர்களா என்று கேட்டுச் சிரித்தவள் இப்போது வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. காத்திருந்தார்.

"இன்னொன்னு போடு புள்ள," என்றார் மெதுவாக.

அவள் மூச்சுக்கூட விடவில்லை. பாம்பு அசைந்தது, அவர் அசையவில்லை. அது பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு படம் சுருங்கித் தலையைத் தாழ்த்தி, பால் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு வேருக்குள் போய் மறைந்தது. புஷ்பவல்லி ஓடிப்போய் அவர் சட்டையைப் பின்பக்கமாகப் பிடித்து இழுத்தாள். தட்டு விழுந்து பூவெல்லாம் சிதறியது. தூணருகே வந்ததும் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லி ஓவென்று அழுதாள்.

"வேலிய வெட்டிடச் சொல்லு," என்றார் கடைசியில்.

பொம்பா ஆட்கள் வந்து பாம்பைச் சாக்கில் போட்டுக்கொண்டு போன பிறகுதான் திருச்செல்வம் அரிவாளை வெளியே எடுத்தான். வேரைத் தோண்டினால் உள்ளே எலி வளைகள், எல்லாவற்றிலும் முட்டை ஓடு. முட்டைக்கு எலி வந்திருக்கிறது, எலிக்காகப் பாம்பு போகாமல் இருந்திருக்கிறது. புஷ்பவல்லி அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். திட்டியதில் பாதி தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

புது வேலிக்கு நந்தியாவட்டை நட்டார்கள். இடைவெளி விட்டு நட்டு, அடிக்கிளையைக் கழித்து வளர்த்தால் தரை தெரியும், சாமிக்குப் பூவும் ஆகும் என்றான் அவன். கன்றுகள் கணுக்கால் உயரம்கூட இல்லை. கார்த்திகேசு தூணருகே வந்து இடது கையை நீட்டினார். கை வெறும் காற்றில் போய்வந்தது. திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், நாள் கணக்கில் அங்கேயே. சாப்பாடும் பாதியானது. அவள் கையைப் பிடித்து அழைத்துப்போகிறேன் என்றாள், வேண்டாம் என்றார். பாம்பே இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அவ்வளவு வேதனை.

பிறகு ஸ்டோரில் தேடி, லோரியில் சரக்குக் கட்டிய அவருடைய பழைய கயிற்றை எடுத்துவந்தாள். தூணிலிருந்து குழாய் வரை நடுவில் கம்பு ஊன்றி இழுத்துக் கட்டினாள். அவர் எழுந்துவந்து முடிச்சைத் தடவினார்.

"இது என்ன கட்டு? மேடு ஏறினா லோடே அவுந்துடும்லா," என்று அவிழ்த்துத் தானே இறுக்கிக் கட்டினார்.

மறுநாள் விடிந்ததும், கடையில் வாங்கிய பூவைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்து கயிற்றில் கை வைத்தார். தோண்டிப்போட்ட மண் காய்ந்து தூசி கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் மூக்கை அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை.

ஒரு தும்மல்.

அவர் நின்றார். இரண்டாவதை வரவழைக்க அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள், வரவில்லை. இன்றைக்கு நாற்காலிக்குத் திரும்பினால் இனி எழுந்திருக்கமாட்டார் என்று பயந்தாள்.

"புஷ்பம்," என்றார் திரும்பாமலே. "தூசியா? பாம்பா?"

"தூசிதாங்க."

கார்த்திகேசு கயிற்றைப் பிடித்தபடி, இரண்டாவது தும்மலுக்குக் காத்திருக்காமல் நடக்க ஆரம்பித்தார்.