மேட்ச் முடியட்டும், சொல்கிறேன்

போன ஞாயிறு. பாரிஸின் லா ஷப்பலில் நான் வழக்கமாகச் சாப்பிடும் தமிழ்க் கடை. மத்தியானக் கூட்டம் வடிந்துவிட்டது. சுவரிலிருந்த டி.வி.யில் சத்தமே இல்லாமல் ஒரு பேஸ்பால் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து மேஜைக்காரர் கொத்து ரொட்டியை மென்றபடி கேட்டார்: “அண்ணை, உது என்ன விளையாட்டு? கிரிக்கெட் மாதிரியும் கிடக்கு, இல்லாத மாதிரியும் கிடக்கு…”

குணம் அண்ணை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எனக்குத் தெரியாது” என்றார். ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியாதா? இந்தத் தெருவிலேயே பேஸ்பால் தெரிந்த ஒரே தமிழர் அவர்தானே! திருச்சிக்காரனான எனக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஆயிற்றே!

ஆனால் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டு, அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

குணம் அண்ணை அந்தக் கடையின் சமையல்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்த குடும்பம். அவர் பாரிஸுக்கு வந்தார், தம்பி நேசன் டொரொண்டோவுக்குப் போனார், அம்மா அங்கேயே இருந்துவிட்டார். யுத்தம் முடிந்த 2009-ல், வவுனியா முகாமில் அம்மா இறந்துபோனார். கொள்ளி வைத்தது அடுத்த கூடாரத்துக்காரர்.

குணம் அண்ணையால் போக முடியாது. அவருடைய அகதி விண்ணப்பம் அப்போது இழுபறியில் இருந்தது. நேசனிடம் கனடா பாஸ்போர்ட் இருந்தது. ஆனால் அந்த மாதங்களில் போய் இறங்குகிற தமிழனை என்ன செய்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். அவர் போகவில்லை.

துக்கம் தாங்காமல் குணம் அண்ணை போனில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

“உன்ரை கையிலை பாஸ்போர்ட் இருந்ததடா.”

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு பல வருடங்கள் புத்தாண்டு வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து… அவ்வளவுதான்.

ஒருநாள் திடீரென்று நேசன் கூப்பிட்டார். மனைவி வழியில் ஒரு கல்யாணமாம், ஜூன் மாதம் லண்டனுக்கு வருகிறாராம். “கல்யாணத்துக்கு அடுத்த நாள் அங்கை ஒரு பேஸ்பால் மேட்ச் இருக்கு அண்ணை. அமெரிக்காவிலை இருந்து ரெண்டு டீம் வருகுது. டிக்கெட் எடுக்கட்டோ?”

குணம் அண்ணைக்கு பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. “ஓம், எடு” என்று சொல்லிவிட்டார்.

பழைய பேச்சை இருவருமே எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், மத்தியானச் சமையலுக்கும் ராத்திரிச் சமையலுக்கும் நடுவில், வீடியோ காலில் வகுப்பு நடந்தது. உப்புக் குப்பி, ஓடித் தொட வேண்டிய முதல் பேஸ். சோஸ் போத்தல் இரண்டாவது. தண்ணீர்ச் செம்பு மூன்றாவது. போனைச் சாய்த்துவைத்து, கரண்டியை மட்டை மாதிரி பிடித்துக்கொண்டு இவர் சண்டை போடுவார்.

“பந்து பின்பக்கம் போனால் செல்லாதோ? என்ன விசர் விளையாட்டடா! எங்கடை ஊரிலை எனக்கு அதுதானே நாலு!”

“அண்ணை, நீங்கள் எப்பவும் அப்பிடித்தான் தட்டிவிடுறது… அதுக்குத்தான் எங்களிட்டை பேச்சு வாங்குறது.”

இரண்டு பேரும் சிரிப்பார்கள். கடையில் தேத்தண்ணி குடிக்கிற நாங்களும் சிரிப்போம். மூன்று மாதம் முன்னாலேயே அண்ணை லீவு கேட்டார். தொப்பி வாங்கினார். எந்த டீமின் தொப்பி என்று அவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. நேசனின் மகன் பயணத்தை ரத்து செய்ததில் மூன்றாவது டிக்கெட் எனக்கு வந்தது. பயணத்துக்குத் திட்டம் போடுகிற மனிதனின் முகத்தில் இருக்கிற அந்த வெளிச்சம் இருக்கிறதே… பயணத்தில்கூட அது கிடைப்பதில்லை!

கார் து நோர் ஸ்டேஷனில் லண்டன் ரயில் ஏறினோம். அவர் மடியில் ஒரு டப்பா. பயற்றம் பணியாரம். முதல்நாள் தானே பயறு வறுத்து, இடித்துச் செய்தது.

ரயில் கடலுக்கடியில் போகும்போது சொன்னார்: “தம்பி, அவனிட்டை ஒரு வார்த்தை சொல்ல வேணும். நான் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது எண்டு.”

“பார்த்ததும் சொல்லிடுங்க அண்ணே.”

“சீச்சீ… வந்து இறங்கின உடனையோ? மேட்ச் முடியட்டும். ஆறுதலாச் சொல்லுறன்.”

ஸ்டேடிய வாசலில் நேசன் காத்திருந்தார். நரைத்திருந்தார். ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, சட்டென்று விலகிக்கொண்டார்கள். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், வாசலிலேயே டப்பாவைத் திறந்தார் அண்ணை. நேசன் ஒன்றை எடுத்துக் கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

“அம்மான்ரை கை மாதிரியே கிடக்கு அண்ணை.”

நான் அண்ணையைப் பார்த்தேன். இதைவிட நல்ல தருணம் வேறு வருமா?

குணம் அண்ணை டப்பாவைப் பார்த்தபடி சொன்னார்: “சர்க்கரை கொஞ்சம் கூடிப்போச்சு.”

அவ்வளவுதான்! உள்ளே போய்விட்டோம்.

“நீங்கள் நடுவிலை இருங்கோ தம்பி” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். உட்கார்ந்தேன். இடது பக்கமிருந்து நேசன் ஆட்டத்தை எனக்கு விளக்கினார். வலது பக்கமிருந்து அண்ணையும் எனக்கே விளக்கினார். ஒருவரோடொருவர் பேசவில்லை. போனில் அப்படிச் சிரித்தவர்களா இவர்கள்?

காபி வாங்கிவருகிறேன் என்று எழுந்தேன். வேண்டுமென்றே சுற்றினேன். கடை கடையாக நின்றேன். தேவையில்லாத ஒரு கீ செயின்கூட வாங்கினேன். நான் இல்லாவிட்டால் பேசிவிடுவார்கள் இல்லையா?

திரும்பி வந்தபோது, இரண்டு பேரும் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவிலிருந்த என் இருக்கையில் நேசனின் பையும் அண்ணையின் தொப்பியும் பத்திரமாக இருந்தன.

மேட்ச் முடிந்ததும் சொல்லுவார்… பரவாயில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் பேஸ்பாலுக்கு இத்தனை ஓவர் என்ற கணக்கு கிடையாது. ஒன்பது சுற்று; ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கத்தில் மூன்று பேர் அவுட் ஆகும்வரை அந்தப் பக்கம் ஆடிக்கொண்டேயிருக்கும். அன்றைக்கு யாரும் அவுட் ஆவதாக இல்லை. அடித்தார்கள், ஓடினார்கள், ஆள் மாற்றினார்கள், மறுபடியும் அடித்தார்கள். மூன்று மணி நேரத்தில் முடியும் என்று நேசன் சொன்னது எங்கேயோ போய்விட்டது. பாரிஸுக்குக் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும். காலையில் அண்ணைக்குப் பெரிய ஆர்டர் ஒன்று. எனக்கு ஆபீஸ்.

எழுந்தோம். படிக்கட்டு வரை நேசன் வந்தார். கூட்டம் கத்திக்கொண்டிருந்தது.

“அடுத்தமுறை டொரொண்டோவுக்கு வாங்கோ அண்ணை. அங்கை பாப்பம்.”

“ஓம் ஓம். நீ போய்ப் பார். மேட்ச் போகுது.”

நேசன் போகவில்லை. நின்றார். அண்ணையும் நின்றார். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். பிறகு நேசன் அவர் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுத் திரும்பிப் படியேறினார்.

ரயிலில் தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணை சொன்னார்: “பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை போனிலை சொல்லலாம்.”

ஞாயிறு வந்தது. போனும் வந்தது. ஆனால் பேசுவதற்கு மேட்ச் இல்லையே! “சாப்பிட்டாச்சோ? அங்கை வெயிலோ?” நாலு நிமிஷம். அடுத்த வாரம் இரண்டு நிமிஷம். பிறகு மாதம் ஒருமுறை. இப்போது மறுபடியும் பிறந்தநாள் வாழ்த்து, பூப்படம் போட்ட காலை வணக்கம்.

கோபம் இருந்த வருடங்களில்கூட அவர் இவ்வளவு வாடவில்லை என்று தோன்றுகிறது. கோபத்துக்கு ஒரு முடிவு வரும் என்று காத்திருக்கலாம். இதற்கு என்ன காத்திருப்பது? அண்ணன் தம்பி இருவரும் தேடி வந்தார்கள், சந்தித்தார்கள், நல்லபடியாகத்தான் பிரிந்தார்கள். புகார் சொல்லக்கூட ஒன்றுமில்லை.

போன ஞாயிறு, சேனல் மாற்றிய கையோடு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது கேட்டேவிட்டேன்: “அண்ணே, இப்பவாவது போன் போட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடலாமே?”

மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இப்ப சொன்னால், ஏன் இப்ப சொல்லுறாய் எண்டு கேப்பான் தம்பி. அதுக்கு என்னட்டைப் பதில் இல்லை.”

சமையற்கட்டுக்குள் போய்விட்டார்.

உங்களிடமும் அப்படி ஒரு வார்த்தை இருந்தால், தயவுசெய்து வாசலிலேயே சொல்லிவிடுங்கள். திரும்பும்போது எல்லோருக்கும் ஒரு ரயில் இருக்கிறது.