மலிவு டிக்கெட்டும் சேனைத் தண்ணீரும்

திருவனந்தபுரத்தில் தலைக்கு மேல் விமானம் போனால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இங்கே பிழைக்க வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் எனக்குப் பழகாத விஷயம் இதுதான். ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிறவர்கள் மூட்டையைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் சந்துக்கு வரும் மீன்காரி, தலையில் கூடையோடு சத்தத்தைக் கேட்டே, "இன்னிக்கு கல்ஃப் பிளேன் லேட்டாணு" என்று சொல்லிவிட்டு நடக்கிறாள். சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்படியில்லை. எப்போதோ ஒரு விமானம் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போகும். பருத்திக் காட்டில் களை வெட்டுகிறவர்கள் எல்லோரும் இடுப்பை நிமிர்த்தி, கோடு கலையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, பழவங்காடிக்குப் பக்கத்தில் நம் ஆள் ஒருவர் நடத்தும் ஹோட்டலில் மேசை துடைக்க வந்தவன். பிறகு தோசைக் கல்லுக்கு உயர்ந்தேன். இப்போதும் விமானச் சத்தம் கேட்டால் தோசைக் கரண்டியோடு பின்வாசலுக்கு வந்துவிடுவேன். "ஏ, கல்லுல தோசை கருகுது. பிளேனு நாளைக்கும் வரும்டே" என்று முதலாளி உள்ளேயிருந்து சொல்வார்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரு நாள் அதில் ஏறிப் போனதைத்தான் எழுதுகிறேன். மலிவு டிக்கெட்டில் போனேன். அதனால் என்ன கிடைத்தது, என்ன போனது என்பதையும் சொல்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல இங்கே வேலைக்கு வந்து பிள்ளைகளை இன்னும் தூரத்துக்கு அனுப்பிவிட்டவர்களுக்கும் உபயோகப்படலாம்.

எனக்கு ஒரே மகள், செல்வி. இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து நர்ஸ் ஆனாள். நெய்யாற்றின்கரைக்காரர் அனிலைக் கட்டிக்கொண்டு, இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு வேலைக்குப் போய்விட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆனால் அவள் அம்மா அதற்குச் சில வருடம் முன்பே காலமாகிவிட்டாள். ஒரு நாள் மாலை செல்வி ஹோட்டல் போனுக்குக் கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்க இங்க வரணும். பாத்துக்க ஆளில்லன்னு இல்ல, அனில் லீவு எடுக்கும். பட்சே சேனை வைக்க நீங்கதான் வேணும்."

எங்கள் பக்கத்தில், பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக ஒரு சொட்டு இனிப்புத் தண்ணீரைத் தொட்டு வைப்பார்கள். அதற்குச் சேனை வைப்பது என்று பேர். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். பிள்ளை அடம் பிடித்தால், "இதுக்கு எவ சேனை வச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். என்னை எதற்குக் கூப்பிடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. சாப்பிட வந்தவர் சட்னி கேட்டால்கூட முகம் பார்த்துப் பதில் சொல்ல வராதவன் நான்.

"என்னை மாதிரி பயந்தாங்கொள்ளியா ஆயிருமே பிள்ள" என்றேன்.

"பயம் இல்ல அப்பா அது, அமைதி. இங்க எல்லாரும் ஓடிட்டே இருக்காங்க. என் பிள்ளை உங்களை மாதிரி கொஞ்சம் நின்னு பாக்கட்டும்."

வருகிறேன் என்றேன்.

விசா வேலைகளை அவர்களே செய்து முடித்தார்கள். டிக்கெட் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். பழவங்காடியில் ஒரு மாடியறையில் டிக்கெட் விற்கும் பையன் இரண்டு வழி காட்டினான். ஒன்று, ஒரே கம்பெனி, ஒரு இடத்தில் மாறினால் போதும், விலை அதிகம். இன்னொன்று, இரண்டு கம்பெனி டிக்கெட்டுகளைச் சேர்த்து அவனே ஒட்டிய வழி. ஒன்றில் கல்ஃப் வரை, அங்கே ஒரு பகல் முழுக்கக் காத்திருந்து அடுத்ததில் மான்செஸ்டர். விலை பாதிக்குக் கொஞ்சம் மேல்.

"சீப்பாணு அண்ணாச்சி. பட்சே வெயிட் பண்ணணும் கேட்டோ" என்றான்.

காத்திருப்பதுதானே, அது எனக்கு வரும் என்று நினைத்தேன். மலிவான பொருளின் மீதி விலை எங்கே எழுதியிருக்கும் என்று கேட்கத் தெரியவில்லை.

சங்குமுகம் கடற்கரை ஓரத்து விமான நிலையத்துக்கு ஒரு விடியற்காலையில் போனேன். வெளியே ஒவ்வொரு ஆளை அனுப்பவும் ஒரு ஜீப் நிறைய ஆட்கள். எனக்கு முதலாளி மட்டும் வந்திருந்தார். உள்ளே பெட்டி போடும் வரிசையில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி நின்றாள். போகட்டும் என்று ஒதுங்கினேன். பிறகு ஒரு வயசாளி. பிறகு வேலைக்குப் போகும் பையன்கள் நாலைந்து பேர், அவசரப்பட்டார்கள், அவர்களும் போகட்டும் என்றேன். இது என் தொழில் பழக்கம். ஹோட்டல்காரனுக்கு எப்போதும் கடைசிப் பந்தி. வந்தவர்கள் எல்லோரும் உண்டு எழுந்த பிறகு உட்கார்ந்தே வளர்ந்தவனுக்கு, முன்னால் இடம் இருந்தாலும் கால் முன்னே போகாது. நான் மேசையை அடைந்தபோது அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சேட்டா, ஃப்ளைட் ஃபுல்லாணு."

"டிக்கெட் இருக்கே மோளே."

"டிக்கெட் உண்டு சேட்டா, சீட் இல்ல."

பக்கத்தில் ஒருவர் சத்தம் போட்டார், அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, திகைப்புத்தான் வந்தது. ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த வித்தை. மண்டலக் காலத்தில் மாலை போட்ட பக்தர்கள் கூட்டம் வரும்போது எங்கள் முதலாளி, வடித்த சோற்றுக்கு மேலேயே சாப்பாட்டு டோக்கன் விற்பார். கூட்டத்தைப் பார்த்துச் சிலர் எப்படியும் போய்விடுவார்கள், சரியாக வரும். எல்லோரும் வந்துவிட்ட நாளில் கடைசியில் நிற்பவரிடம், "சாப்பாடு தீந்துட்டு, தோசை தரட்டுமா" என்பார். அந்தக் கடைசி ஆள் எப்போதும் சண்டை போடாத ஆளாகவே இருப்பார். வானத்தில் போகும் இத்தனை பெரிய கம்பெனியும் எங்கள் கல்லாப்பெட்டிக் கணக்கில்தான் ஓடுகிறது என்பது எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. அடுத்த விமானம் மூன்று நாள் கழித்து என்று டிக்கெட்டில் முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்.

கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது, சந்து முனைக் காய்கறிக்கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, லண்டன் போயிட்டு இத்ர வேகம் வந்தோ? அங்க சாயா நல்லாயில்லையோ?" கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்குள் போனேன்.

டிக்கெட் பையனிடம் ஓடினேன். இரண்டாவது டிக்கெட் என்னாகும் என்று கேட்டேன். "அது வேற கம்பெனி அல்லே அண்ணாச்சி. இவங்க ஏத்தலைன்னா அவங்களுக்கு எந்தா? அது போயி. அதனாலதான் சீப்பு" என்று பொறுமையாகவே சொன்னான். அதை மறுபடி வாங்கினேன். இப்போது நான் கொடுத்தது, முதலில் அதிகம் என்று ஒதுக்கிய டிக்கெட்டின் விலையைத் தாண்டியிருந்தது. அதைவிட அந்த மூன்று நாள்தான் பெரிதாகத் தெரிந்தது. செல்விக்கு நாள் நெருங்கியிருந்தது. போனில் அவளிடம் சொன்னேன். "சரி அப்பா. உங்க பேரப்பிள்ளைதானே, காத்திருக்கும்" என்றாள். குரலைக் கனமில்லாமல் வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறாள் என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். யார் வந்து பின்னால் நின்றாலும் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து வலித்தது.

விமானம் கடலைப் பார்த்து ஓடி எழும்பியது. நான் சன்னல் ஓரம். இந்த ஊரில் முப்பது வருடமாக அண்ணாந்து பார்த்த தென்னை மரங்களைத் தலைக்கு மேலிருந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் வாசலில் போட்ட கோலம்போல விரிந்து, கோலத்தோடு கோலம் ஒட்டிக்கொண்டு, அடியில் வீடே தெரியாமல் போய்க்கொண்டேயிருந்தன. வள்ளங்கள் உமிபோல மிதந்தன. பிறகு மேகம் எங்களுக்குக் கீழே போனது. மழை எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்துக்கு மேலே ஒரு தோசை மாஸ்டர் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. கும்பிடலாமா என்று தோன்றியது, பக்கத்தில் ஆள் இருந்ததால் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அந்த டிக்கெட்டுக்குச் சாப்பாடு கிடையாது, வேண்டுமானால் வாங்க வேண்டும். நான் இலையில் கட்டிவந்த இட்லியைப் பிரித்தேன். பக்கத்து இருக்கையில் கல்ஃபுக்குக் கட்டட வேலைக்குத் திரும்பும் வர்க்கலைக்காரர். பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

"சேட்டன் எங்கோட்டு?"

"மகளுக்குப் பிரசவம்."

"பிரசவத்தினு அச்சனோ போகுந்நது?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, சன்னலைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ரெண்டு மக்கள். ரெண்டுக்கும் நான் ஊர்ல இல்ல" என்றார்.

கல்ஃப் விமான நிலையத்தில் அந்தப் பகல் முழுக்க இருந்தேன். அதன் தரை, எங்கள் ஹோட்டலில் சோறு கொட்டும் தட்டைவிடச் சுத்தம். அந்தத் தரையில் பல தேசத்து ஜனங்கள் துணி விரித்துப் படுத்திருந்தார்கள். கறுத்தவர்கள், வெளுத்தவர்கள், கண் சிறுத்தவர்கள். எல்லோருக்கும் தலைமாட்டில் கயிறு கட்டிய பெட்டி, செருப்பு, தண்ணீர் பாட்டில். அதிக விலை கொடுத்தவர்கள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தார்கள். உலகத்தில் இத்தனை பேர் தங்கள் நாளைக் கொடுத்து விலையைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று அங்கேதான் கண்டேன். தூங்கும்போது எல்லோர் முகமும் எங்கள் ஊர்ச் சந்தை வண்டியில் தூங்கும் முகம் மாதிரியே இருந்தது. என் பேத்தி பிறந்தது அந்தப் பகலில்தான். நான் அதை அறியாமல், ஒரு கிழவரின் பெட்டிக்குக் காவலிருந்தேன்.

மான்செஸ்டரில் ஒரு அதிகாரியம்மா என் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். சேனைக்காகக் கொண்டுவந்த கருப்பட்டியைக் கையில் எடுத்து மோந்து பார்த்து என்னவோ கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓரத்தைக் கடித்துத் தின்று காட்டினேன். அவள் புருவத்தைத் தூக்கினாள். ஆசைப்படுகிறாள் போல என்று ஒரு துண்டு உடைத்து நீட்டினேன். இரண்டு கையையும் உயர்த்திப் பின்வாங்கினாள், பிறகு சிரித்து, போ என்று கை காட்டினாள்.

வெளியே அனில் நின்றார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "மாமா, பெண்குட்டி. நேத்து. ரெண்டு பேரும் சுகம்" என்றார். நல்ல சேதிதான். கருப்பட்டி வைத்திருந்த பெட்டி மட்டும் சட்டென்று கனத்தது.

ஆஸ்பத்திரியில் செல்வி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கடைசியாகப் பார்த்தபோது பயணப் பெட்டியின் பூட்டைத் தேடி அழுத பெண், இப்போது ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் தண்ணீர்க் கோப்பையுமாக இருந்தாள். விமானத்தைப் பார்த்து வியந்ததெல்லாம் சின்னதாகிவிட்டது.

"சேனை யாரு வச்சா தாயி?" என்றேன்.

அவள் அனிலைப் பார்த்துச் சிரித்தாள். "யாரும் வைக்கல அப்பா. இங்க தேன், கருப்பட்டி ஒண்ணும் கொடுக்கக் கூடாது. பட்சே பிறந்த உடனே, அண்ணம் சரியா இருக்கான்னு பாக்க, பிரசவம் பாத்த மிட்வைஃப் வாய்க்குள்ள விரல் வச்சாங்க. குளோரியான்னு பேரு. ஜமைக்கான்னு ஒரு தீவு, அங்கேருந்து வந்தவங்க."

"வெறும் விரலா?"

"கிளவுஸ் போட்டிருந்தாங்க."

"அப்போ கணக்குல வராது" என்றார் அனில், மிகவும் அக்கறையாக.

செல்வி என்னைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவச் சொன்னாள். போதாது என்று மறுபடி கழுவச் சொன்னாள். விரலில் ஒன்றும் தடவாமல், வெறும் சுண்டுவிரலைப் பிள்ளையின் வாயில் வைத்தேன். கெட்டியாகப் பிடித்து உறிஞ்சியது. ஒன்றும் வரவில்லை என்று தெரிந்ததும் அந்த அறையே அதிர ஒரு கத்தல். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தத் தொண்டை கிடையாது. அப்போது கதவைத் திறந்துகொண்டு ஆஜானுபாகுவாக ஒரு கறுத்த அம்மாள், அந்தக் குளோரியாதான், சிரித்துக்கொண்டே வந்து, "கிராண்ட்பா?" என்று கேட்டு, நான் ஒதுங்குவதற்குள் என்னை அப்படியே கட்டிக்கொண்டாள். எனக்கு வேர்த்துவிட்டது. செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வருத்தமா அப்பா?" என்று பிறகு கேட்டாள்.

"இல்ல" என்றேன். கொஞ்சம் வருத்தம்தான். மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன், உள்ளே விடாவிட்டால் வெளி நடையிலாவது நின்றிருப்பேன்.

இப்போது ஆரியசாலையில் நம் ஆட்கள் என்னிடம் வந்து, அண்ணாச்சி, சீப் டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். இரண்டு கம்பெனியை ஒட்டின டிக்கெட்டானால், முதல் கம்பெனி உங்களை விட்டுவிட்டால் இரண்டாவதற்கு யார் பொறுப்பு என்று முதலில் கேளுங்கள் என்கிறேன். சாப்பாடு, பெட்டியின் எடை, கம்பளி உடுப்பு எல்லாவற்றையும் விலையோடு கூட்டுங்கள் என்கிறேன். சாவுக்கும் பிறப்புக்கும் அதில் போகாதீர்கள், நாள் தள்ளினாலும் பரவாயில்லாத காரியத்துக்குப் போங்கள் என்கிறேன். எல்லாவற்றையும்விட, வரிசையில் முன்னால் நில்லுங்கள். ஆனால் எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னதில்லை. அப்படி ஒரு டிக்கெட் விற்காவிட்டால் நான் இங்கிருந்து கிளம்பும் நினைப்பே வந்திருக்காது.

பேத்திக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வருவாள். இங்கிலீஷில் என்னென்னவோ சொல்லிவிட்டு, எங்கள் சமையலறைவரை கேட்கும்படி ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அது அந்தத் தீவுக்கார அம்மாளின் சிரிப்பு, எனக்குச் சந்தேகமே இல்லை. நான் தமிழில் "என்ன தாயி" என்பேன். உடனே அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். மூச்சு மட்டும் கேட்கும். கூச்சப்பட்டு, போனை விடவும் மனமில்லாமல் நிற்கிறாள். எனக்கும் மேலே பேச வராது. அப்படியே இரண்டு பேரும், அவள் அங்கேயும் நான் இங்கேயும், ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டிருப்போம்.