நடுக்கூடத்து முட்டு

அன்சர் பாய் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். உட்கார்ந்திருப்பதோ சொந்த வீட்டு நாற்காலியில். தலைக்கு மேலே மின்விசிறியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனாலும் குனிந்தார். எதிரே கம்ப்யூட்டர் திரையில் ரோலர் கோஸ்டர் ரயில் ஒன்று மரச்சட்டங்களுக்கு அடியில் பாய்ந்து வெளியே வந்தது. அப்புறம்தான் நிமிர்ந்தார். அடுத்து ஒரு வளைவு. உடம்பை இடது பக்கமாகச் சாய்த்தார். டீ கிளாஸோடு பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி ஜெபீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“டீ ஆறிப்போவுது. வண்டிய நிறுத்திட்டுக் குடிங்க.”

“ஒரு ரவுண்டு ஜெபீ. தலை இடிக்குதான்னு பாத்துக்கினு இருக்கேன்.”

“யாரு தலை?”

“பாசஞ்சர் தலைதான்!”

கள்ளக்குறிச்சியில் அவரைத் தெரியாத கொத்தனார் கிடையாது. கச்சிராயபாளையம் ரோட்டில் சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடை அவருடையது. வீட்டுக்குத் தளம் போடுகிறவர்கள் தகரப் பலகையையும் சவுக்குக் கம்பையும் அங்கேதான் எடுப்பார்கள். ஈரக் கான்கிரீட் இறுகும்வரை அடியில் நின்று தாங்குகிற அந்தக் கம்புக்கு முட்டு என்று பெயர். ஊரில் பாதி வீடு கொஞ்ச காலம் அவர் முட்டின் மேல் நின்றதுதான். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து, சோறு தின்ற கை காய்வதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அசைய மாட்டார். கடைக்குப் பில் போட வாங்கிய கம்ப்யூட்டர் அது. கடையில் பில் இன்னமும் கையால்தான் போடுகிறார்கள்.

அது தீம் பார்க் கட்டுகிற விளையாட்டு. தண்டவாளத்தை நம் இஷ்டத்துக்கு வளைத்துவிட்டால் போதும், தாங்கும் தூண்களைக் கம்ப்யூட்டரே நட்டுக் கொடுத்துவிடும். மற்றவர்கள் அதோடு திருப்தியாகிவிடுவார்கள். இவர் முதல் வேலையாக அத்தனை தூண்களையும் அழிப்பார். பிறகு ஒவ்வொரு சட்டமாகத் தன் கையாலேயே நிறுத்துவார். குறுக்குச் சட்டம், சாய்வுக் கால், அடியில் பலகை, பலகைக்கும் காலுக்கும் நடுவே இறுக்கிப் பிடிக்க ஓர் ஆப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் தெரியாத அந்த ஆப்பை யார் பார்க்கப் போகிறார்கள்? கடையிலிருந்து கொண்டுவந்த தூக்குக்குண்டைத் திரைக்கு முன்னால் தொங்கவிட்டு, தூண் நேராக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். திருப்தியானால் விரல் முட்டியால் திரையை டொக் டொக்கென்று தட்டுவார்.

“கம்ப்யூட்டருக்கு இன்னா தெரியும்? ஆளு நடக்கற வழியில நட்டநடுவுல கம்ப வெச்சிருக்கு பாரு. அறிவு இருக்கறவன் செய்வானா இத?”

இதை அவர் சொன்னபோது, கூடத்தில் நட்டநடுவே நிற்கிற சவுக்குக் கம்பில் நெற்றியை இடித்துக்கொண்டுதான் ஜெபீனா உள்ளே வந்திருந்தாள். சிரிப்பதா, அந்தத் தூக்குக்குண்டை எடுத்து வீசுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆமாம், வீட்டுக்குள்ளும் முட்டு. பழைய ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுக் கூடத்துக்குத் தளம் போட்டு, போன பெருநாளோடு ஒரு வருஷம் ஆகிவிட்டது. மூன்று வாரத்தில் பிரிக்க வேண்டிய முட்டுகள் சவுக்குத் தோப்பு மாதிரி அப்படியே நிற்கின்றன. கேட்டால், “காயட்டும்” என்பார். வெயில் காலத்திலும் காயட்டும், மழைக் காலத்திலும் காயட்டும். ஜெபீனா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு கம்பில் துணி காயப்போடக் கொடி கட்டினாள், ஒரு கம்பில் காலண்டர் மாட்டினாள், ஒன்றில் ஆணி அடித்துக் குடையைத் தொங்கவிட்டாள். எந்தப் பாத்திரத்தோடு எந்தக் கம்பை எப்படிச் சுற்றி வளைந்து போக வேண்டும் என்பது அவள் காலுக்கே பழகிப்போயிற்று.

காரணம் அவளுக்குத் தெரியும். அதனால்தான் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்காரர், குடிபோகிற அவசரத்தில், யாரையும் கேட்காமல் போர்ட்டிகோவுக்கு அடியில் நின்ற அன்சர் பாய் கடை முட்டுகளைப் பிரித்துவிட்டார். தளம் இடிந்து உட்கார்ந்துவிட்டது. அடியில் நின்றிருந்த சைக்கிள் அப்பளமாகிவிட்டது. ஆள் யாரும் இல்லை, அல்லாஹ் காப்பாற்றினான். தப்பு அன்சர் பாய் மேல் இல்லை என்று ஊரே சொன்னது. போய்ப் பார்த்துவிட்டு வந்த மனிதர் இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. அதற்கு அப்புறம் வந்ததுதான் இந்த விளையாட்டு.

ஒருநாள் எல்லாத் தூண்களையும் அழித்துவிட்டு, புதிதாக நடுவதற்கு முன்னால் அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். ரயில் பாட்டுக்கு அந்தரத்தில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. ஜெபீனா வாயைப் பிளந்தாள்.

“ஏங்க, கம்பே இல்லாம ஓடுது!”

“ஓடும். இதுல எதுவும் வுழாது.”

“அப்பறம் இன்னாத்துக்கு இத்தன மாசமா முட்டு குடுத்துக்கினு கெடக்கறீங்க?”

“கீழ நின்னுக்கினு பாக்கறவனுக்குப் பயமா இருக்காதா?”

கீழே பலூன் பிடித்துக்கொண்டு நிற்கிற பொம்மைகளைத்தான் சொல்கிறார்! வீட்டு மனிதர்களுக்காக ஒரு கம்பை நகர்த்தாதவருக்குப் பொம்மைகள் மேல் இத்தனை கரிசனம். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் தங்கை ஹப்சாவின் விஷயத்தில்தான் ஜெபீனாவின் பொறுமை கரைந்தது. ஹப்சா தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், அதிர்ந்து பேசாத பெண். முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் கம்புகளுக்கு நடுவே ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் கழுத்தை எட்டி எட்டிப் பார்த்துப் பேசினார்கள். கிளம்பும்போது ஒரு பெரியம்மா, “வூடு வுழற மாரி இருக்குதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே இல்லை. இப்போது ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஹப்சாவுக்கும் பிடித்த இடம்.

வெள்ளிக்கிழமை ஜெபீனா யாரையும் கேட்காமல் அம்மாசி மேஸ்திரிக்கு போன் போட்டு வரச்சொல்லிவிட்டாள். கடப்பாரையும் சுத்தியுமாக வந்து நின்ற மேஸ்திரியைப் பார்த்ததும் அன்சர் பாயின் முகம் வெளிறிப்போனது.

“அடுத்த மாசம் பாத்துக்கலாம் மேஸ்திரி.”

“இன்னா பாய் இது? நீங்க போட்ட தளம், லாரி ஏத்தினாலும் தாங்கும்.”

“உங்க ரயிலுதான் கம்பு இல்லாம ஓடுதே!” என்று ஜெபீனா வெடித்தாள்.

“அது கேம் ஜெபீ. வுழாது. இது வூடு. உள்ள நீங்கல்லாம் இருக்கீங்க.”

ஹப்சா நடுக்கம்பின் பக்கத்தில் போய் நின்றாள்.

“அண்ணே, ஞாயித்துக்கெழம நான் இங்கதான் ஒக்காரணும். எங்கண்ணே ஒக்கார்றது?”

அவர் தங்கையைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார். எல்லோரும் தெருவுக்குப் போங்கள் என்றார். மேஸ்திரியையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு, சுத்தியை வாங்கிக்கொண்டு தனியாக உள்ளே போனார். ஓர் ஆப்பு தட்டுகிற சத்தம், பிறகு நிசப்தம், பிறகு அடுத்த ஆப்பு. வாசலிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாசி தாங்க முடியாமல் கத்தினார்.

“பாய்! சுவத்தோரமா எடுத்துக்கினு வரீங்களே! நடுவுலேர்ந்துதான எடுக்கணும்? ஊருக்கே சொல்லிக் குடுக்கற ஆளு நீங்க!”

ஊருக்கே பாடம் சொல்கிறவர் நடுக்கம்பைக் கடைசிக்கு விட்டுவிட்டார். அதைத் தட்ட மட்டும் வெகுநேரம் பிடித்தது. வெளியே வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தளத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரிஷிவந்தியத்துக்காரர்கள் வந்தார்கள். “கூடம் நல்லா விசாலமா இருக்குதே” என்று மாப்பிள்ளையின் மாமா சுபுஹான் சுற்றிலும் பார்த்தார். ஜெபீனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஹப்சாவைக் கைப்பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்க ஆரம்பித்தார். ஆனால் அன்சர் பாய் மட்டும் உட்காரவில்லை.

“ஒக்காருங்க அன்சர், இன்னா நின்னுக்கினே இருக்கீங்க?” என்றார் சுபுஹான்.

“இருக்கட்டும்ங்க, பரவால்ல.”

இந்த நேரத்திலுமா என்று ஜெபீனாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டீத் தட்டோடு வந்தவள், கண்ணாலேயே அதட்டி உட்காரச் சொன்னாள். அவர் நகரவில்லை. அப்போதுதான் அவர் காலடியைப் பார்த்தாள். நடுக்கம்பு நின்ற இடத்தில் சிமென்ட் தரையில் படிந்துபோயிருந்த பலகைத் தடம். இரண்டு பாதமும் சரியாக அந்தத் தடத்துக்குள் இருந்தன. கைகளைக் கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கம்பு மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

ஜெபீனா ஒரு வருஷமாக அந்தக் கம்பைச் சுற்றிப் போனதைப் போலவே தட்டைக் கொஞ்சம் உயர்த்தி, இடுப்பை ஒடித்து, அவரைச் சுற்றிக்கொண்டு போய் விருந்தாளிகளுக்கு டீயை நீட்டினாள்.