சரிகை எரித்த நாள்

எங்கள் அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, வருஷம் முழுக்கச் சலிக்காத பேச்சு ஒன்று இருந்தது. அம்மாவின் கல்யாணத்துக்குத் தாத்தா எடுத்துக்கொடுத்த பட்டுச்சேலையில் இருப்பது வெறும் செம்புச் சரிகை என்பதுதான் அது. ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்கு அம்மா அதைக் கட்டும்போதெல்லாம் முந்தானையைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். அம்மாவிடம் இருந்த ஒரே பட்டு அது.

ஒரு வருஷம் மடிப்பில் இழை விட்டது. தைத்திருந்தால் இன்னும் சில திருவிழா ஓடியிருக்கும். அம்மாவோ சரிகையை எரித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். டவுனில் கொடுத்தால் திராவகத்தில் போட்டு வெள்ளியைப் பிரித்துத் தருவார்கள் என்றார் அப்பா. அம்மா ஒப்பவில்லை.

"என் கண்ணு முன்னால எரிக்கணும். அண்ணியும் வந்து பாக்கட்டும்."

திருமானூரில் எங்கள் தெருமுனையில் நகை செய்துகொண்டிருந்த பத்தர், சரிகையை வெட்டி இரும்புச் சட்டியில் போட்டுக் கொளுத்தினார். முடி பொசுங்குகிற நாற்றம். அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டாளே தவிர இடத்தைவிட்டு நகரவில்லை. தங்கக்கட்டி வரப்போகிறதென்று நான் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்திருந்தேன். சாம்பலை அலசி, அடியில் தங்கியதை வெங்காரம் போட்டு உருக்கினார். வந்ததோ நெல்லிக்காய் அளவில் ஒரு வெள்ளைக் கட்டி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்தர் உரசிப் பார்த்தார். "நல்ல வெள்ளிம்மா. மேல பூசுன தங்கமும் இதுலயே துளி கலந்துருக்கு."

அம்மா திரும்பினாள். "எங்கப்பா ஏமாத்தலீங்க, அண்ணி."

அவள் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. அத்தை கட்டியை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்குக் கொலுசு அடிச்சுப் போடு" என்றாள்.

அந்த வருஷத் திருவிழாவில், புதுக் கொலுசோடு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தை போகிற பக்கமெல்லாம் போய்க் குதித்தேன். அம்மா நூல்சேலையில் வந்திருந்தாள். தேர் பார்க்க நின்ற உறவுக்காரி ஒருத்தி, "ஏங்க்கா, பட்டு கட்டிட்டு வரலியா?" என்று கேட்டாள்.

நான் முந்திக்கொண்டேன். "எங்கம்மா பட்டு என் கால்ல இருக்கு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பிறகு, திருகாணி கழன்றிருக்கிறது என்று என் காலடியில் குனிந்தாள். அது இறுக்கமாகத்தான் இருந்தது. அம்மா வெகுநேரம் நிமிரவில்லை. கொலுசின் அழகைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, நான் காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தேன்.